கலைமகள் நகருக்கு ஒரு புள்ளி

அக்டோபர் 28

மிக்ஸி ஜார் மறுபடியும் ஒழுகுது. வாஷர் மாத்திட்டேன்னு கடைக்காரன் சொன்னது சுத்தப் பொய். சட்னி பாதி கிண்ணத்துல, பாதி மேடையில. அந்த எரிச்சலோடயே ஆபீஸ் போனேன்.

போனா, சிலி நாட்டுலேர்ந்து ஒருத்தன் என் 'சீர்' மேல புகார் எழுதி வச்சிருக்கான். சீர்ங்கிறது பிஎச்டி படிக்கும்போது நான் எழுதி எல்லாருக்கும் இலவசமா விட்ட லைப்ரரி, அதாவது யார் வேணாலும் தங்க புரோகிராம்ல சேர்த்துக்கிற துண்டு புரோகிராம். கணக்கு போடுற எல்லாருக்கும் மேட்ரிக்ஸ் தேவை. கட்டம் கட்டமா எண்கள், அவ்வளவுதான். ஆனா கம்ப்யூட்டரைச் சும்மா விட்டா அதைக் கொட்டின அரிசி மாதிரி கண்டபடி துப்பும். சீர் அதைத் தசமத்துக்கு நேரா தசமம் வச்சு அடுக்கிக் காட்டும். இருக்கிறதுலயே பெரிய எண் எதுன்னு பார்க்கும். அதுல ஆயிரத்துல ஒரு பங்குகூடத் தேறாத பொடி எண்ணுக்கெல்லாம் ஒரு புள்ளி வச்சிடும். கண்ணுக்கு அவ்வளவு சுத்தம். பார்த்தவங்க எல்லாம் கை எடுத்துக் கும்பிடாத குறை.

சிலிக்காரனுக்கு அதுதான் பிரச்சினையாம். பெரிய எண் ஒண்ணு உள்ள வந்தா சின்னதெல்லாம் மறைஞ்சு போகுதே, ஒரு எச்சரிக்கையாவது காட்டக்கூடாதான்னு கேக்குறான். அது குறை இல்ல, அதுதான் அதோட அழகுன்னு ஒரு வரி எழுதி புகாரை மூடிட்டேன். ஓசியில வாங்கிட்டு நொட்டை வேற.

அம்பலவாணன் சார் மழைக்கு முன்னாடி எல்லாத்தையும் முடிக்கச் சொல்றார். அவர்தான் எங்க நீரியல் மையத்துக்கு டைரக்டர். மாவட்டத்துல இருக்கிற ஏரி எல்லாம் ஒண்ணுக்கொண்ணு தொடர்ச்சி. மேல உள்ளது நிரம்பி வழிஞ்சா கீழ உள்ளதுக்கு வரும். எந்த ஏரி உடைஞ்சா எந்த ஊருக்கு எவ்வளவு தண்ணி போகும்கிறதுதான் எங்க மேட்ரிக்ஸ். கணக்கு என்னுது. அதைப் படிச்சு எச்சரிக்கைப் பட்டியல் போடுற புரோகிராம் குணசீலனோடது. பட்டியல்ல இருக்கிற ஊருக்கு மட்டும்தான் ஏரி நிரம்பும்போது போன்ல மெசேஜ் போகும். மூல ஃபைலை வச்சு மாரடிக்காதீங்க குணா, சீர் போடுற பிரிண்ட்டையே படிக்க விடுங்க, தப்பே வராதுன்னு ஜூன் மாசமே அவனுக்கு வழி சொல்லிக் குடுத்தவ நான்தான்.

நவம்பர் 4

பட்டியல்ல கலைமகள் நகர் இல்ல.

சும்மா பார்த்துட்டிருந்தேன். என் அக்கா பூங்காவனம் குடியிருக்கிற இடமாச்சே, கண்ணு தானா அங்க போச்சு. செப்டம்பர்ல இருந்துச்சு, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கல்லுக்குட்டை ஏரி உடைஞ்சா முதல்ல மூழ்குறதே அந்த நகர்தான். பழைய ஓடையைத் தூர்த்துப் போட்ட பிளாட் அது. இப்போ அந்தப் பெயரே காணோம்.

பிரிண்ட் எடுத்துப் பார்த்தேன். கல்லுக்குட்டைக்கும் கலைமகள் நகருக்கும் நேரா ஒரு புள்ளி. தண்ணியே வராதாம். யாருக்குக் காதுல பூ சுத்துறாங்க?

நவம்பர் 5

குணசீலனோட மச்சான் பிளாட் வியாபாரம் பண்றவன். எங்கன்னு கேட்டா, கலைமகள் நகர் ரெண்டாம் கட்டம்.

நவம்பர் 7

இன்னிக்கு அமைதியா உட்கார்ந்து நோண்டினேன். யார் எப்போ எதை மாத்தினாங்கன்னு எல்லாம் பதிவு இருக்கும்ல. மேட்ரிக்ஸ் ஃபைல்ல கடைசியா கை வச்சது குணசீலன். அக்டோபர் நடுவுல. "பெரிய ஏரி சேர்க்கப்பட்டது"ன்னு யோக்கியமா குறிப்பும் எழுதி வச்சிருக்கான். பக்கத்து மாவட்டத்துப் பெரிய ஏரியையும் சேர்க்கச் சொன்னது டைரக்டர்தான், அது வாஸ்தவம். ஆனா அந்தச் சாக்குல இதையும் சைபர் ஆக்கினா யாருக்குத் தெரியப் போவுதுன்னு நினைச்சிருக்கான்.

அவசரப்பட்டு ஒருத்தன் மேல பழி போடுற ஆள் இல்ல நான். மூல ஃபைலையே திறந்து பார்த்தேன். சீர் வச்சுத்தான் எதையும் பார்ப்பேன், அது என் வழக்கம். அங்கயும் புள்ளிதான். அடிமடியிலயே கை வச்சிருக்கான்.

ஒரு இடம் வெள்ள எச்சரிக்கைப் பட்டியல்ல இருக்குன்னா அங்க மனை வாங்க எவன் வருவான்? ரெண்டாம் கட்டம் விக்கிற வரைக்கும் பெயர் வெளியே தெரியக்கூடாது. கணக்கு நேராத்தான் இருக்கு.

சாயங்காலம் வெண்டைக்காய் வாங்கினேன். முத்தல்.

நவம்பர் 9

அக்காவையும் அவ பொண்ணு பாப்பாவையும் என் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன்.

மாமா மஸ்கட்ல இருக்கார், ரெண்டு பேர் தனியா எதுக்கு, மழைக்காலம் முடியற வரைக்கும் என்னோட இருங்கன்னேன். அக்கா முதல்ல மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா. "பள்ளிக்கூடம் தூரமாயிடும்டி, என்னதான் அவசரம் உனக்கு?" ன்னா. நான் விடல.

சாமான் ஏத்தும்போது எதிர்வீட்டு செல்லக்கிளி வந்து ஒத்தாசை பண்ணாங்க. நல்ல மனுஷி. அவங்க வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து படுத்த படுக்கை, தின்னவும் குடிக்கவும் இவங்க கைதான். "ஏன் பூங்காவனம் திடீர்னு கிளம்புறே?" ன்னு கேட்டாங்க. அக்கா என்னைப் பார்த்தா. "ஸ்கூல் லீவு விடப் போறாங்க, அதான்" னு நான் முந்திக்கிட்டேன்.

சொல்லியிருக்கலாம். ஆனா நான் ஒரு வார்த்தை விட்டா தெரு முழுக்கப் பரவும், ரெண்டாம் கட்டத்துக்காரன் காதுக்குப் போகும், குணசீலன் உஷாராகி எல்லாத்தையும் பழையபடி மாத்திட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி உட்கார்ந்துடுவான். கையும் களவுமா பிடிக்கணும். அப்புறம் பட்டியல் தானா சரியாயிடும், எல்லாருக்கும் மெசேஜ் போகும். இன்னும் மழையே ஆரம்பிக்கலயே.

நவம்பர் 11

இன்னிக்கு அவனே வந்தான். டீ கப்போட என் மேஜைகிட்ட நின்னுக்கிட்டு, போறதா வேண்டாமான்னு தயங்கித் தயங்கி,

"நாயகி மேடம், ஒரு சந்தேகம். உங்க பிரிண்ட்ல புள்ளி வருதே, அதுக்கு அர்த்தம் ஒண்ணுமே இல்லைங்கிறதா? இல்ல, இருக்கு ஆனா கம்மிங்கிறதா?"

ஆழம் பார்க்குறான்! எனக்குத் தெரிஞ்சுடுச்சான்னு மோப்பம் பிடிக்க வந்திருக்கான். சிரிச்ச முகமா, "புள்ளின்னா ஒண்ணுமில்லைன்னுதான் அர்த்தம் குணா. கண்ணுல பட வேண்டிய அளவுக்கு எதுவும் இல்லைன்னு அர்த்தம். ஏன், உங்களுக்கு எதாவது வேணுமா அங்க?" ன்னு கேட்டேன்.

"இல்ல மேடம், சும்மாதான்" னு போயிட்டான். போகும்போது முகம் தெளிவா இல்ல. எப்படி இருக்கும்?

நவம்பர் 14

அக்காவோட கேஸ் சிலிண்டர் புத்தகத்தை எடுக்க கலைமகள் நகர் போனேன். போன இடத்துல பார்த்தேன், சத்தியமா என் ரெண்டு கண்ணால பார்த்தேன். தெருக்கோடியில குணசீலன். பேண்ட்டை முட்டி வரைக்கும் சுருட்டிக்கிட்டு, டேப்பைப் பிடிச்சு மதகுலேர்ந்து அளந்துட்டிருக்கான். போட்டோ வேற எடுக்குறான். செல்லக்கிளிகிட்ட ஏதோ விசாரிக்கிறான், அவங்க கையை இடுப்புகிட்ட வச்சுக் காட்டுறாங்க.

மச்சானுக்காக மனை அளக்குறான். ஞாயித்துக்கிழமைகூட ஓய்வில்ல பாவம்.

நான் மளிகைக்கடைப் பக்கமா ஒதுங்கி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டேன். தேதியோட விழும்.

நவம்பர் 15

மாட்டினான்.

நவம்பர் 17

டைரக்டர்கிட்ட எல்லாத்தையும் வச்சேன். பதிவு, பிரிண்ட், போட்டோ, மச்சானோட மனை விற்பனை நோட்டீஸ். சார் நோட்டீஸை எடுத்துப் படிச்சார். அப்புறம் குணசீலனைக் கூப்பிட்டார்.

அவன் என்ன சொன்னான் தெரியுமா? "சார், எனக்கே அந்த இடத்துல சந்தேகமா இருக்குன்னுதான் நேர்ல போய்ப் பார்த்தேன். பத்து வருஷம் முன்னாடி வந்த மழையில இடுப்பளவு தண்ணி நின்னுச்சாம். கணக்குல ஏன் வரலன்னு புரியல. மேடத்துக்கிட்டகூடக் கேட்டேன்."

நாக்குல தேன் தடவிப் பேசுறான். "என்கிட்ட என்ன கேட்டீங்க? புள்ளிக்கு அர்த்தம் கேட்டீங்க. கலைமகள் நகர்னு ஒரு வார்த்தை உங்க வாயிலேர்ந்து வந்துச்சா?" ன்னு கேட்டேன்.

விசாரணை முடியற வரைக்கும் கல்லுக்குட்டைக் கரையோரமா இருக்கிற மழைமானி நிலையத்துக்கு மாத்தியிருக்கார் சார். அங்க கம்ப்யூட்டரும் கிடையாது, கரண்டும் பாதி நேரம்தான். சீட்டைக் காலி பண்ணும்போது, "மேடம், எனக்கு என்ன ஆனாலும் பரவால்ல, அந்த எண்ணை மட்டும் ஒருவாட்டி பார்த்துடுங்க" ன்னான். நடிப்புக்குக் குறைச்சலே இல்ல.

பட்டியலை எப்போ சரி பண்றதுன்னு சாரைக் கேட்டேன். விசாரணைக் குழு பார்க்கிற வரைக்கும் யாரும் எதையும் தொடக்கூடாதாம். அதுவும் சரிதான், தடயம் கலையக்கூடாதே.

நவம்பர் 20

மழை பிடிச்சுக்கிச்சு. துணி எதுவும் காயல. வீடு முழுக்க ஈர நாத்தம். பாப்பாவுக்குச் சளி.

அக்கா ரெண்டு நாளா ஒரே பாட்டு. "கல்லுக்குட்டை நிரம்புதாமே நாயகி, செல்லக்கிளி போன் பண்ணா. ஆபீஸ்லேர்ந்து மெசேஜ் ஒண்ணும் வரல, அப்போ பயமில்லைதானேன்னு கேக்குறா. என்ன சொல்லட்டும்?"

நாளன்னைக்குக் குழு கூடுது. அது வரைக்கும் ஏரி தாங்கும், கரை பலமாத்தான் இருக்கு. ஆபீஸ் விஷயத்தை நான் வெளியே சொன்னேன்னு தெரிஞ்சா என் புகாரையே சந்தேகப்படுவாங்க. "மெசேஜ் வரலைன்னா ஒண்ணுமில்லைன்னு சொல்லு" ன்னேன்.

அக்கா அப்படியே சொன்னா. பக்கத்துல நின்னு கேட்டேன்.

இந்த அக்கா என்னைப் பார்க்கிற பார்வையே சரியில்ல. அவளுக்கும் என் மேல ஏதோ சந்தேகம் போல.

நவம்பர் 22

நடந்ததை எழுதிடணும்.

குழுவுக்குக் காட்ட எல்லாத்தையும் எடுத்து வைக்கலாம்னு காலையிலேயே ஆபீஸ் போயிட்டேன். என் சிஸ்டத்துல மழைத்தண்ணி இறங்கி, ஆன் ஆகல. சரின்னு குணசீலனோட பழைய சீட்ல உட்கார்ந்தேன். அவன் சிஸ்டத்தைச் சுத்தமாத் துடைச்சு ஒப்படைச்சிருந்தான், சீர்கூட இல்ல. வேற வழியில்லாம மூல ஃபைலை வெறுமனே திறந்தேன்.

அசிங்கமா கொட்டிச்சு. அடுக்கில்ல, ஒழுங்கில்ல, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு முழ நீளத்துக்கு தசமம். எரிச்சலோட வரிசையை விரல் வச்சு எண்ணிக்கிட்டே போனேன். கல்லுக்குட்டை. கலைமகள் நகர். அந்த இடத்துல 6.41 ன்னு இருந்துச்சு.

அங்கயேதான் இருந்துச்சு. யாரும் தொடல. பெரிய ஏரியோட எண் ஒன்பதாயிரத்துச் சொச்சம். அதுல ஆயிரத்துல ஒரு பங்கு ஒன்பது. இது அதுக்கும் கீழ. என் சீர் புள்ளி வச்சிடுச்சு. பெரிய ஏரி வராத வரைக்கும் தெரிஞ்ச எண், அது வந்ததும் அழகுக்காக மறைஞ்சு போச்சு. குணாவோட புரோகிராம் நான் சொன்னபடி என் பிரிண்ட்டைப் படிச்சுது, புள்ளியைச் சைபர்னு எடுத்துக்கிச்சு. நான் மூல ஃபைலைப் பார்த்தேன்னு சொன்னதும் அதே சீர் வழியாத்தான். ஒரு கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஊரே கறுப்புன்னு கத்தியிருக்கேன்.

எங்க கணக்குல ஒண்ணுங்கிறது ஆயிரம் கன மீட்டர். ஆறாயிரத்துச் சொச்சம் கன மீட்டர் தண்ணி பெரிய ஏரிக்குத் தூசு. நாலு தெருவுக்கு இடுப்பளவு.

குணாவுக்குப் போன் போட்டேன். அவன்தான் மெசேஜ் அனுப்புற பாஸ்வேர்டு வச்சிருக்கான். எடுத்த உடனே தண்ணி சத்தம். "மேடம், நான் கலைமகள் நகர்லதான் இருக்கேன். விடியறப்போ கரை அரிக்க ஆரம்பிச்சுது, மழைமானி நிலையத்துலேர்ந்து பார்த்துட்டு ஓடி வந்தேன். வீடு வீடா தட்டிட்டிருக்கோம்" ன்னான். பாஸ்வேர்டை மழையில கத்திக் கத்திச் சொன்னான். மெசேஜ் அனுப்பினேன். அனுப்பும்போது கரை உடைஞ்சு நேரமாயிருந்துச்சு.

ஜனங்க எல்லாரும் மாடிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போயிட்டாங்க. நடக்க முடிஞ்சவங்க எல்லாரும்.

நவம்பர் 23

செல்லக்கிளி வீட்டுக்காரர் போயிட்டார். பெயர் தேவசகாயம். இதுவரைக்கும் கேட்டதே இல்ல நான்.

நவம்பர் 26

வெள்ளத்தால தள்ளிப்போன குழு இன்னிக்குத்தான் கூடிச்சு. நடந்ததை நடந்தபடி சொன்னேன். எல்லாத்தையும்னு சொல்ல மாட்டேன், புள்ளி விஷயத்தை முழுசா சொன்னேன். "மென்பொருள் கோளாறுன்னு எழுதிடலாம்" னு டைரக்டர் சொன்னார். கோளாறு எதுவும் இல்ல சார், நான் எப்படி எழுதினேனோ அப்படியே வேலை செஞ்சுதுன்னேன். குணா மேல இருந்த புகாரை எழுத்துல திரும்ப வாங்கிக்கிட்டேன்.

வெளியே வந்து அவன்கிட்ட மன்னிப்பு கேட்டேன். அவன் செருப்பு இன்னும் சேறு காயாம இருந்துச்சு. "நானும் அந்த இடத்தோட பேரைச் சொல்லிக் கேட்டிருக்கணும் மேடம். நீங்க எதாவது வேணுமான்னு கேட்ட தோரணையில பயந்துட்டேன்" ன்னான். திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"கட்டிலோட நாலு பேர் தூக்கினோம். வாசப்படி தாண்டுறதுக்குள்ள தண்ணி அவர் கழுத்துக்கு வந்துடுச்சு" ன்னு சொல்லிட்டுப் போயிட்டான்.

வீட்டுக்கு வந்து சீர்ல அந்தப் புள்ளியை எடுத்துட்டேன். இனிமே எவ்வளவு பொடி எண்ணா இருந்தாலும் அப்படியே காட்டும். பார்க்கச் சகிக்கல, இருக்கட்டும். சிலிக்காரனுக்கு எழுதினேன், நீ சொன்னதுதான் சரின்னு. உடனே பதில் போட்டான், ரொம்ப நன்றின்னு. அவனுக்கு ஒண்ணும் தெரியாது.

நவம்பர் 29

அக்கா ஏழாம் நாள் காரியத்துக்குப் போயிட்டு மத்தியானம் வந்தா. சேலை ஓரமெல்லாம் சேறு. கால்கூடக் கழுவல, நேரா அடுப்படிக்கு வந்தா. நான் பாப்பாவுக்குக் கஞ்சி ஆத்திட்டிருந்தேன்.

"செல்லக்கிளி ஒண்ணே ஒண்ணுதான் சொல்லிச் சொல்லி அழுவுறா. ஒரு நாள் முன்னாடி தெரிஞ்சிருந்தா அவரை அவ தம்பி வீட்டுக்கு ஆம்புலன்ஸ்ல கொண்டு போயிருப்பாளாம். ஒரு நாள் போதும்கிறா."

நான் கஞ்சியை இன்னொரு டம்ளருக்கு மாத்தி ஊத்தினேன்.

"அந்தக் குணசீலனும் வந்திருந்தான். எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேட்டான், பட்டியல்ல பேர் ஏன் விட்டுப்போச்சுன்னு எங்களால நேரத்தோட கண்டுபிடிக்க முடியலன்னு. நீ எதுவும் சொல்லலியா அவன்கிட்ட?"

புள்ளியைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சேன். பெரிய எண், சின்ன எண், ஆயிரத்துல ஒரு பங்கு. எண் உள்ளேயே இருந்துச்சுக்கா, என் பிரிண்ட்தான் மறைச்சுதுன்னேன். யாரோ எடுத்துட்டாங்கன்னு நான் தப்பா நினைச்சுட்டேன்னேன்.

அக்கா கையை நீட்டி நிறுத்தினா.

"அதெல்லாம் எனக்குப் புரியாதுடி. யாரு எடுத்தா என்ன, எது மறைச்சா என்ன. பேர் இல்லைன்னு உனக்கு எப்போ தெரியும்?"

கஞ்சி டம்ளரைக் கீழே வச்சேன்.

"என்னையும் பாப்பாவையும் கூட்டிட்டு வந்தியே, அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

இந்த நோட்டுல எத்தனை பக்கம் எழுதியிருக்கேன், அவனைப் பத்தி, அவன் மச்சானைப் பத்தி, அவன் முகத்தைப் பத்தி. அக்கா கேட்டதை மட்டும் ஒரு இடத்துலயும் என்னை நானே கேட்டுக்கல. பொய் சொல்லலாமான்னு யோசிச்சேன், அதையும் மறைக்காம எழுதுறேன். பின்னாடின்னு சொன்னா அக்கா நம்பியிருப்பா.

"முன்னாடி" ன்னேன். "நாலாம் தேதி."

அக்கா அழுவல, திட்டல. இடுப்புலேர்ந்து போனை எடுத்தா, நம்பரைத் தட்டினா. மணி அடிக்கிறது எனக்குக் கேட்டுது. செல்லக்கிளி எடுத்து, "சொல்லு பூங்காவனம்" னாங்க, தொண்டை கட்டிப்போன குரல்ல.

அக்கா போனை என் கையில வச்சா.

"அந்தத் தேதியை அவகிட்ட சொல்லு."

சொன்னேன்.